கடலில் சென்ற தோலும் கையிலிருந்த பத்திரமும்

 

தந்திரமும் துணிச்சலும் மிக்கவனை "அவன் பெரிய எம்டன்" என்று நம் முதியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயராகும். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு அது சென்னைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. அதற்கு முன்பே வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் பலவற்றை அது மூழ்கடித்திருந்தது. கல்கத்தாவிலிருந்து லண்டனுக்குத் தேயிலை ஏற்றிச் சென்ற டிப்ளமாட் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே சிட்னி என்னும் ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை வீழ்த்தியது.

அக்காலத்தில் நம் பகுதியில் ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்ட தோல்கள் சென்னைத் துறைமுகம் வழியாகவே லண்டன் சந்தையை அடைந்தன. எனவே நம் முன்னோரின் உழைப்பும் அந்தக் கடலின்மீதே இருந்தது. எதிரி நாட்டவர் கப்பலைக் கைப்பற்றினாலோ அழித்தாலோ இழப்பீடு இல்லை என்று வழக்கமான கடல் காப்பீட்டுப் பத்திரங்களில் அப்போதே விலக்கு எழுதப்பட்டிருந்தது. ஆகவே போர் மூண்ட 1914 ஆகஸ்டில் போர் ஆபத்துக்கான தனிக் காப்பீட்டை பிரிட்டிஷ் அரசே ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. பத்திரம் கையில் இருப்பது வேறு, நேர்ந்த ஆபத்து அதில் அடங்கியிருப்பது வேறு என்பதை வணிகர்கள் அன்று உணர்ந்தனர்.

மார்க்க அறிஞர்களின் பார்வை

நம் ஹனஃபி மத்ஹபில் இதனை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் டமாஸ்கஸ் நகரத்து அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 1252இல் (கி.பி. 1836) வஃபாத்தான அவர்கள், கப்பல் சரக்குக்கு வணிகர்கள் கட்டிவந்த "ஸவ்கரா" என்னும் தொகையைப் பற்றி ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் எழுதி, அழிந்த சரக்கிற்குப் பகரமாக இழப்பீடு பெறுவது கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிக நோக்கிலான காப்பீட்டைத் தடுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது. இன்றைய ஏற்றுமதியிலோ, விற்பவரே காப்பீடு எடுத்துத் தரவேண்டும் என்று ஒப்பந்தமே நிர்ப்பந்திப்பது உண்டு. அந்நிலையில் உள்ளவர்கள் தம் நிலைமையை முஃப்திகளிடம் முழுமையாக எடுத்துரைத்துத் தீர்வு பெறுவதே முறையாகும்.

பத்திரம் சொல்வதும் விலக்குவதும்

சில ஆண்டுகளுக்கு முன் தோல் வணிகம் செய்யும் சகோதரர் ஒருவர் கண்ணீருடன் என்னிடம் வந்தார். அயல்நாடு சென்ற தோல்களில் பூசணம் பிடித்துவிட்டது. கம்பெனி பணம் தர மறுத்து ஏமாற்றிவிட்டது என்றார். இருவரும் அமர்ந்து பாலிசியைப் படித்தோம். சரக்கின் இயல்பான கெடுதிக்கும் போதாத கட்டுமானத்திற்கும் பொறுப்பில்லை என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தோல் ஈரம் காயுமுன் பெட்டியில் ஏறியிருந்தது. "முன்பே படித்திருந்தால் இன்னும் இரண்டு நாள் காயவிட்டிருப்பேனே!" என்றார் அவர்.

இந்தியாவின் கடல் காப்பீட்டுச் சட்டம் 1963இல் இயற்றப்பட்டது. சூதாட்டமாகச் செய்யப்படும் ஒப்பந்தம் அதன்படி செல்லாது. காப்பீடு கோருபவர் முக்கியமான எந்த உண்மையையும் மறைத்தலும் கூடாது. தாமதத்தால் விளையும் நஷ்டமும், சாதாரணத் தேய்மானமும், எலி, பூச்சிகளின் சேதமும், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, விலக்கப்பட்டவையே.

சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என மூன்று வகை உண்டு. ‘சி’ வகை தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல் போன்ற பெருவிபத்துகளுக்கு மட்டுமே. திருட்டு அதில் அடங்காது. ‘பி’ வகையில் கடல்நீர் புகுதலும் சேரும். ‘ஏ’ வகை, விலக்கியவை நீங்கலாக அனைத்தையும் ஏற்கும். சி.ஐ.எஃப். முறையில் விற்பவர் ‘சி’ வகை எடுத்தாலே விதிப்படி போதும் என்பதைப் பலர் அறியார். மூன்று வகையிலும் போரும் வேலைநிறுத்தமும் விலக்கே. அவற்றுக்குத் தனியே பிரீமியம் கட்டவேண்டும். 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. அந்தத் தாமதத்தால் வாங்குபவர் சரக்கை மறுத்தால் அந்த நஷ்டம் காப்பீட்டில் வராது.

கம்பெனியைத் தேர்ந்தெடுத்தல்

1973இல் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு நான்காக இணைக்கப்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 2000 முதல் தனியாருக்கும் வாயில் திறக்கப்பட்டது. எனவே குறைந்த பிரீமியம் ஒன்றையே பார்த்து முடிவு செய்யலாகாது. கடனடைக்கும் திறனாக ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ள 1.5 என்னும் அளவை அக்கம்பெனி எட்டியுள்ளதா, சரக்கு இறங்கும் துறைமுகத்தில் அதற்கு சர்வேயர் உண்டா, கடந்த ஆண்டுகளில் கோரிக்கைகளை எவ்வாறு தீர்த்தது என்று விசாரியுங்கள். சேதம் கண்டால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்; கப்பல் கம்பெனிக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்கக் கற்பித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். கட்டிய கயிறு எது வரை தாங்கும் என்று அறிந்துகொள்வதும் அதில் அடங்கும். கையொப்பமிடுமுன் படியுங்கள்; படிக்க இயலாதோர் படித்தவரை அழைத்துக் கேளுங்கள். அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.