புகார் விழாவில் பிள்ளைகள்

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் வெயில், இடையிடையே மழை, அவ்வளவுதான். ஆகவே இளவேனில், முதுவேனில் என்று நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும்போது நம் மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்களேயன்றி, உடம்பால் உணர்வதில்லை. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பருவத்தில் ஒரு கடற்கரை ஊர் எப்படிக் களிகொண்டிருந்தது என்பதைக் காட்டிவிட்டால், அந்தச் சொல் அவர்கள் மனத்தில் தங்கும். அதற்கு நான் தேர்ந்துகொள்ளும் ஊர் காவிரிப்பூம்பட்டினம்; விழா, இந்திர விழா.

புகாரைப் பற்றி நம் பாடநூல்களிலும் பயிற்றிகளிலும் வருவதெல்லாம் பெரும்பாலும் வணிகமே. குதிரை வந்தது, மிளகு மூட்டை வந்தது, பொன் வந்தது, புலி முத்திரை குத்தினார்கள். இவை யாவும் பட்டினப்பாலையில் உள்ளவைதாம், மறுப்பதற்கில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குச் சுங்கச் சாவடியில் என்ன சுவை இருக்கிறது? அதே பாட்டில், முற்றத்தில் காயவைத்த உணவைத் தின்ன வந்த கோழியை விரட்டக் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள் ஒரு பெண். அந்தக் குழை, சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று சக்கரத் தேரின் வழியில் விழுந்து அதைத் தடுக்கிறது. குதிரை பூட்டாத, கையால் உருட்டுகிற விளையாட்டுத் தேர். புகாரின் செல்வத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் நாம் வகுப்பில் இதை விட்டுவிட்டு மிளகு மூட்டைகளையே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இனி விழாவுக்கு வருவோம். சித்திரைத் திங்களில் சித்திரை நாள்மீன் கூடிய முழுநிலா நாளை ஒட்டி விழா தொடங்கியதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அது 28 நாள் நடந்ததென மணிமேகலை சொல்கிறது. தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் என்னும் பழஞ்சோழன் அகத்தியரின் சொற்படி இந்திரனை வேண்டி, அந்த 28 நாளும் அவன் புகாரில் வந்து தங்குமாறு செய்தான் என்பது விழாவின் தோற்றக் கதை. வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, வள்ளுவன் நகரமெங்கும் அறிவிப்பு முழக்குகிறான். மணிமேகலையின் முதற்காதையாகிய விழாவறை காதை முழுவதும் ஏறத்தாழ இந்த அறிவிப்பே.

அந்த அறிவிப்பை ஆசிரியர்கள் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். நிறைகுடம் வையுங்கள், பாலிகை வையுங்கள், பாவை விளக்கு ஏற்றுங்கள். கமுகும் வாழையும் கரும்பும் நட்டுக் கட்டுங்கள். தூண்களில் முத்துமாலை தொங்கவிடுங்கள். தெருவிலும் மன்றத்திலும் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்புங்கள். இந்தப் பட்டியலைக் கேட்டால் நம் தைப்பூசத்துக்கு முந்திய வாரம் நினைவுக்கு வராமல் போகாது. நெற்றிக்கண் இறைவன் முதலாகச் சதுக்கத்துப் பூதம் ஈறாக எல்லாத் தெய்வங்களுக்கும் உரிய சிறப்பைச் செய்யுமாறும் அறிவிக்கிறான். பந்தல்களில் அறம் உரைப்போர் அமரட்டும், சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறட்டும் என்கிறான். அதற்கடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பகைவரே எதிர்ப்பட்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிப் போங்கள் என்கிறான். கூட்டம் கூடுமிடத்தில் சண்டை வரும் என்று அந்நாளிலேயே அறிந்திருக்கிறார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டி நாளன்று பெற்றோர்களுக்கு இதை வாசித்துக் காட்டலாமா என்று நான் எண்ணியதுண்டு.

மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையில் நாளங்காடி. அங்கே காவல் பூதத்துக்குப் படையல். என்ன படைத்தார்கள் என்றும் இளங்கோவடிகள் சொல்லிவிடுகிறார்: அவித்த பயறு வகை, எள்ளுருண்டை, பொங்கல், பூ, புகை. எள்ளுருண்டை என்றதும் வகுப்பில் பின்வரிசை மாணவனும் நிமிர்ந்து உட்காருவான். பண்பாட்டு வரலாறு என்பது பெரும்பாலும் நாவின் வழியாகவே பிள்ளைகளுக்குள் நுழைகிறது என்பது என் பட்டறிவு.

விழா முடிந்ததும் முழுநிலா நாளில் ஊரே கடலாடப் புறப்படுகிறது. கோழி கூவும் வைகறையில் கோவலன் கோவேறு கழுதையின் மீதும் மாதவி வண்டியிலுமாகக் கடற்கரைக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் கரையில் எரிந்துகொண்டிருந்த விளக்குகளைக் கடலாடு காதை வரிசையாகக் காட்டுகிறது. சாந்தும் பூவும் மணப்பொடியும் விற்போர் விளக்கு, கைவினைஞர் விளக்கு, மோதகம் விற்போர் விளக்கு, கரிய சட்டியில் அப்பம் சுடுவோர் குடம்போன்ற தண்டின் மேல் வைத்த விளக்கு, விலை கூவும் பெண்களின் கடை விளக்கு, இடையிடையே மீன் விற்போர் விளக்கு. அப்பால் கலங்கரை விளக்கம். கடலில் பரதவர் படகுகளின் விளக்கு. மொழி வேறான அயல்நாட்டார் அணையாமல் எரித்த விளக்கு. பண்டகசாலைக் காவலர் விளக்கு. வெண்மணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் தெரியும் என்கிறார் அடிகள்.

இதை நம் பிள்ளைகளுக்கு விளக்கப் படமே தேவையில்லை. பாசார் மாலாமில் நடந்துபோன பிள்ளைக்கு இது தெரிந்த காட்சி. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விளக்கு, ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு வாசனை. நான் மாணவர்களிடம் இந்த விளக்குகளை வரையச் சொல்வதுண்டு. மீன்கடைக்கும் அப்பக் கடைக்கும் இடையே தங்கள் வழக்கப்படி ஓர் அப்பாம் பாலிக் கடையையும் சேர்த்துவிடுவார்கள். நான் தடுப்பதில்லை.

பிள்ளைகள் கடற்கரையில் என்ன செய்தார்கள்? இதற்கும் பட்டினப்பாலை விடை தருகிறது. முழுநிலா நாளில் பரதவர் மீன்பிடிக்கச் செல்வதில்லை. சுறாவின் கொம்பை மணலில் நட்டு வணங்கி, உண்டும் ஆடியும் மகிழ்கிறார்கள். கடலில் குளித்துவிட்டு, உப்புப் போக ஆற்றில் குளிக்கிறார்கள். நண்டை விரட்டுகிறார்கள், அலையில் துள்ளுகிறார்கள், மணலில் பாவை செய்கிறார்கள். போர்ட் டிக்சனுக்கோ பத்து பெரிங்கிக்கோ பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் எந்தப் பெற்றோருக்கும் இதில் ஒன்றும் புதிதில்லை. கடல்நீர் உப்பை நன்னீரால் கழுவும் வழக்கம்கூட மாறவில்லை. காவிரிக்குப் பதில் குழாய், அவ்வளவே.

விழாவில் பிள்ளைகளை நேராகக் காட்டும் இடம் மணிமேகலையின் மூன்றாம் காதையான மலர்வனம் புக்க காதையில் இருக்கிறது. விழாத் தெருவில் கூட்டம் ஆங்காங்கே நின்று வேடிக்கை பார்க்கிறது. சிலர் மாளிகைச் சுவரோவியங்களைப் பார்க்கிறார்கள். சிலர் குழந்தைகளைச் சுற்றி நிற்கிறார்கள். நடை பழகாத குழந்தைகள். உச்சியில் நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பியிருக்கிறது. தலையில் பொன்பிறை, கழுத்தில் ஐம்படைத் தாலி. மழலையோடு வழியும் வாய்நீர் அந்த ஐம்படையை நனைக்கிறது. உடுத்திய துகில் உடம்பை மறைக்காமல் நழுவுகிறது. பெண்கள் சிலர் அவர்களைத் தூக்கிப் பொன்தேர் மேலுள்ள பொம்மை யானையில் ஏற்றி வைத்து, முருகனுக்கு விழா தொடங்கிவிட்டது, பாருங்கள் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். துறவு பேசும் ஒரு பௌத்தக் காப்பியத்தில் வாய்நீர் வடிக்கும் குழந்தைக்கு இத்தனை அடிகள் ஒதுக்கிய சாத்தனாரின் மனத்தை நான் வணங்குகிறேன்.

அந்தத் தெருவில் அப்போது நடந்து போகிறவள் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மணிமேகலை. தந்தை கொலையுண்ட கதையைத் தாய் பேசக் கேட்டு அழுதவள். அவள் கண்ணீர் பட்டுத் தொடுத்த மாலை தூய்மை இழந்தது. ஆகவே புதுமலர் கொய்யச் சுதமதியுடன் அனுப்பப்படுகிறாள். குழந்தைகளைக் கண்டு களித்த அதே கூட்டம் இவளைக் கண்டதும் சூழ்ந்துகொண்டு, இத்தகைய அழகியைத் தவநெறியில் விட்ட தாய் கொடியவள் என்று தூற்றுகிறது. தந்தையில்லாப் பிள்ளை திருவிழாக் கூட்டத்தைக் கடந்து போவது எப்படியிருக்கும் என்று அக்கூட்டத்தில் ஒருவரும் எண்ணவில்லை. இந்தப் பகுதியை நடத்தும் நாள்களில், வகுப்பில் யாருடைய வீட்டில் இவ்வாண்டு தீபாவளி இல்லை என்பதை நான் முன்கூட்டியே அறிந்து வைத்துக்கொள்வேன்.

அடுத்து, பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் வினா: விழாவை நிறுத்தியதால்தான் புகாரைக் கடல் கொண்டதா? மணிமேகலையின் 25ஆம் காதை கதையை இவ்வாறு சொல்கிறது. நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகநாட்டு இளவரசி பீலிவளைக்கும் பிறந்த குழந்தையைப் பீலிவளை மணிபல்லவத் தீவில் கம்பளச் செட்டியின் கப்பலில் ஒப்படைக்கிறாள். அன்றிரவே கப்பல் கரைக்கருகில் உடைகிறது. செய்தியறிந்த மன்னன் கடற்கரையெங்கும் மகனைத் தேடி அலைகிறான். துயரத்தில் இந்திர விழாவை மறக்கிறான். சாபத்தால் ஊரைக் கடல் கொள்கிறது. மாதவியும் சுதமதியும் அறவண அடிகளும் முன்னரே புறப்பட்டு வஞ்சிக்குப் போய்விட்டார்கள் என்பதை மட்டும் மறவாமல் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மாதவி என்ன ஆனாள் என்ற கவலை அவர்களுக்கு வந்துவிடும்.

இதைத் தண்டனைக் கதையாகப் பிள்ளைகளுக்குச் சொல்வதை நான் ஏற்பதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று எழுந்த ஆழிப்பேரலை பூம்புகார்க் கடற்கரையையும் தாக்கியது; அப்போது அவ்வூர் இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில் பினாங்கிலும் கெடாவின் கோலா மூடாவிலும் அலை ஏறியது. நம் நாட்டில் 68 பேர் இறந்தனர். பினாங்குக் கடற்கரையில் விடுமுறையைக் கழிக்கக் குடும்பத்துடன் வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அவர்கள் எந்த விழாவை மறந்தார்கள்? பட்டினப்பாலை புகாரின் துறையில் குவிந்த பொருள்களுள் காழகத்து ஆக்கத்தையும் குறிக்கிறது. காழகம் என்பது கடாரம் என்கிறார் நச்சினார்க்கினியர். கடாரமாகிய கெடாவும் புகாரும் ஒரே கடலின் இரு கரைகள். அன்று ஒரே நாளில் இரு கரைகளும் அடிபட்டன.

வரலாறும் காப்பியத்தை அப்படியே வழிமொழியவில்லை. 1960களில் கீழையூரில் நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று மரத்தூண்களோடு வெளிப்பட்டது. பல்லவனேச்சரத்தருகே பௌத்த விகாரையின் அடித்தளமும் புத்தர் திருவடி பொறித்த கல்லும் கிடைத்தன. கரை சிறிது சிறிதாகக் கடலுக்குள் போயிருப்பதையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அங்கே வந்து பல்லவனேச்சரத்தைப் பாடியிருக்கிறார். அப்போது பாடுவதற்கு ஓர் ஊரும் கோயிலும் இருந்தன. ஊர் தேய்ந்தது; அடியோடு இல்லாமற் போகவில்லை. 1970களில் தமிழக அரசு அங்கே சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுப்பியது. சித்திரை முழுநிலாவில் இந்திர விழாவும் மீண்டும் எடுக்கப்பட்டது.

இந்தக் கதையை எந்த ஆண்டு நடத்தினாலும் மாணவர்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குழந்தை என்ன ஆனது? மன்னனோ ஊரோ அவர்களுக்குப் பொருட்டில்லை. சாத்தனார் குழந்தையைக் கடலோடு விட்டுவிடுகிறார். ஆனால் பெரும்பாணாற்றுப்படைக்கு உரையெழுதிய நச்சினார்க்கினியர் இதையொத்த வேறொரு கதையைச் சொல்கிறார். சோழனுக்கு நாககன்னி பெற்ற மகனைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட, அலை அவனைப் பத்திரமாகக் கரையில் சேர்த்தது. திரை தந்தவன் ஆதலால் திரையன் எனப் பெயர் பெற்றான். இரண்டும் ஒரே குழந்தையின் கதை என்று நான் பரீட்சைத் தாளில் எழுதவிட மாட்டேன். வகுப்பில் மட்டும் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்வேன். அந்தத் திரையன் வழியில் வந்த தொண்டைமான் இளந்திரையன் காஞ்சியை ஆண்டான். அவனைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். புகாரின் தெருவில் மூன்று சக்கரத் தேர் உருட்டிய சிறுவர்களைப் பாடிய அதே புலவர்.