பட்டினம் எங்கே?

காலபோக அறுவடை முடிந்து, கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்கள் அரிதாளோடு கிடந்த ஒரு பங்குனிக் காலை. எங்கள் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவரை மாந்தைக்கு அழைத்துச் சென்றேன். முந்திய கிழமை வகுப்பில் நான் சற்று மிகையாகவே பேசிவிட்டேன் போலும். வட ஆபிரிக்கக் கரைக்கு அலெக்சாந்திரியா எப்படியோ நமது கரைக்கு மாந்தை அப்படி என்றும், பாரசீகப் பண்டமும் சீனப் பண்டமும் கைமாறிய துறை என்றும் சொல்லியிருந்தேன்.

மாந்தைச் சந்தியில் இறங்கி உள்ளே நடந்தோம். உடைமரம், பற்றைக்காடு, இடையிடையே மண்மேடு. எதையும் கேட்டே தீருகின்ற இயல்புடைய ஒருவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பட்டினம் எங்கை சேர்?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயமான கேள்வி அது.

நேயர்களே, அலெக்சாந்திரியாவுக்குப் போகிறவனும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கும். உலக அதிசயங்களுள் ஒன்றென எண்ணப்பட்ட கலங்கரை விளக்கம் அங்கே இல்லை. பெருநூலகமும் இல்லை. பொம்பேயின் தூண் என்று காட்டுவார்கள். அது பொம்பேக்கு உரியதன்று, தயோக்கிளேசியன் என்ற உரோமப் பேரரசனுக்காக நாட்டியது. (பெயர் மாறாட்டம் எங்கும் உள்ளதுதான். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்கென அரிப்பிலே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையை நம்மவர் அல்லிராணி கோட்டை என்று சொல்லிவருகிறார்கள்.) கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் இன்று நிற்பது 1477இல் சுல்தான் கைத்பே தொடங்கிய கோட்டை. விழுந்து கிடந்த விளக்கத்தின் கற்களும் அதன் சுவரில் ஏறின. ஏறாதவை கடலுக்குள் கிடப்பதை 1994 முதல் சுழியோடிகள் கண்டு கணக்கெடுத்தார்கள்.

அந்த விளக்கம் அழிந்ததைக் கண்ணாற் கண்டு எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. தஞ்சியர் என்ற மற்றொரு வட ஆபிரிக்க நகரத்திற் பிறந்த இபுனு பதூதா. 1326இல் அலெக்சாந்திரியாவுக்குப் போனபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவே முடியாதபடி அது சிதைந்துபோயிருந்தது. இந்த இரண்டு வருகைக்கும் இடையில், 1344இல், அவர் எங்கே நின்றார் தெரியுமா? நமது கரையில். புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகத் தங்கி, முத்துக்குளிப்பைக் கண்டு, மன்னன் கொடுத்த முத்துகளையும் பெற்று, பாவாத மலை வரை போய் வந்தார். மன்னன் பாரசீக மொழி விளங்கியவன் என்று குறித்திருக்கிறார். மாந்தையைப் பற்றி அவர் பேசவில்லை. பேசுவதற்கு அங்கே பெருந்துறை இருக்கவுமில்லை. அதன் சிறப்புக் காலம் அப்போதே கழிந்துவிட்டது.

சிறப்புக் காலத்திலே அதற்குப் பல பெயர். சம்பந்தரும் சுந்தரரும் பாடியது மாதோட்டம். பாளி நூல்களில் மகாதித்த. ஆறாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரிய வணிகரான கொஸ்மாஸ், இந்தியா, பாரசீகம், எதியோப்பியா ஆகிய நாடுகளின் கலங்கள் இத்தீவின் துறைக்கு வந்து போவதை எழுதினார். அத்துறை மாந்தையே என்பர் ஆய்வாளர் பலர்.

இதற்கெல்லாம் சான்று காலடி மண்ணில்தான் இருக்கிறது. போக் 1887இல் தோண்டினார். பின்னர் ஹோக்கார்ட், சண்முகநாதன். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்து சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டமும் மணிகளுமாக அள்ளினர். யுத்தம் வந்தது; வேலை நின்றது. அந்த அகழ்வின் அறிக்கை நூலாக வெளிவந்ததே 2013இல்தான். யுத்தம் முடிந்தபின் 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் தோண்டியபோது கிடைத்தவற்றுள் என் மனத்தை விட்டு நீங்காதது பொன்னுமல்ல, பீங்கானுமல்ல. ஒரேயொரு கராம்பு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது. கராம்பு அக்காலத்தில் விளைந்தது கிழக்கே மலுக்குத் தீவுகளில் மாத்திரம். அதே மண்ணிலே மிளகு இருந்தது. மேற்கிலிருந்து வந்த கோதுமையும் திராட்சையும் இருந்தன. எல்லாவற்றிலும் மிகுதியாக நெல். துறைமுகத்தின் வயிற்றை நிரப்பியது கட்டுக்கரைப் பக்கத்து வயல்தான் என்று எண்ண எனக்கு ஆசை. அந்தக் குளத்தருகிலும் 2016இல் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் அகழ்ந்து சுடுமண் உருவங்களைக் கண்டெடுத்தார்கள்.

தமிழ் ஆசிரியன் எனக்குக் கராம்பினும் நெருக்கமானவை கல்வெட்டுகள். சோழர் இவ்வூருக்கு இராசராசபுரம் என்று பெயரிட்டனர். தாழிகுமரன் என்ற சோழ அதிகாரி இராசராசேச்சரம் எனக் கோயில் எடுத்தான். திருவிராமீச்சரம் என இன்னொரு சிவன் கோயிலும் இருந்தது. அதற்கு விளக்கெரிக்க வைத்த முதலை ஏற்றுக்கொண்டவர்களின் பெயரைப் பாருங்கள்: சங்கரபாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர். எண்ணெய் விற்றவன், வெற்றிலை விற்றவன், வாழைக்காய் விற்றவன். பட்டினம் எங்கே என்று கேட்ட பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். "இவங்கள் கடை போட்ட தெருவிலைதான் தம்பி நீ நிக்கிறாய்." அவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

திருக்கேதீச்சரம் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் அதை மீட்டெழுப்பச் சைவர்களை அழைத்தார். யுத்த காலத்தில் அடியார் நெருங்க முடியாத நிலமாகக் கிடந்து, 2022 ஜூலையில் கருங்கற்றிருப்பணியோடு குடமுழுக்குக் கண்டது. புதிய கல்லின் வேலைப்பாடு அழகுதான். ஆயினும் பாலாவிக் கரையில் நின்றபோது எனக்குப் பழைய கற்கள் எங்கே போயின என்ற எண்ணமே வந்தது. அவை மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது வழிவழிப் பேச்சு. தாம்போதியைக் கடந்ததும் நிற்கும் அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பின்னர் திருத்தினர், 1795இல் ஆங்கிலேயர் எடுத்தனர். மாணவர் சுவர் சுவராகத் தடவிக் கோயிற்கல் தேடினார்கள். எங்கள் கண்ணிற் பட்டதெல்லாம் முருகைக்கல்லும் சுண்ணாம்பும்தான். அதனாற் பேச்சுப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். மெய்யென்றும் வகுப்பிற் படிப்பிக்கமாட்டேன்.

கடைசியாகப் பள்ளிமுனைப் பெருக்கமரம். 1477இல் நட்டது என அங்குள்ள பலகை சொல்கிறது. கைத்பே கோட்டையின் அதே ஆண்டு! ஒரு பலகையை நம்பி வரலாறு எழுதலாகாது, ஆனாலும் சிலிர்த்தது. ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பர். தமிழில் இதற்குப் பப்பரப்புளி என்றும் பெயருண்டு. பப்பரம் என்பது பழைய தேசப் பெயர்களில் ஒன்று. மரம் எங்கிருந்தோ வந்தது என்பதைப் பெயரே மறவாமல் வைத்திருக்கிறது.

அந்த நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது, அதே பையன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். மாந்தை மேட்டிற் பொறுக்கிய, நீலப்பச்சைப் பூச்சுள்ள ஓட்டுத் துண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தைச் சொன்னேன். "போட்டிட்டு வந்தா வேறை ஆரேன் எடுப்பினம்தானே சேர்?" என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. ஆனாலும் திரும்பும் வழியில் மாந்தையில் பஸ்சை நிறுத்தச் சொன்னேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவன் இறங்கிப் பற்றைகளுக்குள் அங்குமிங்கும் நடந்தான்.

"எடுத்த இடம் அதுதானே?" என்று கேட்டேன்.

"சரியாத் தெரியேல்லை சேர். எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்குது."