மலைநாட்டுக் குடியேற்ற இல்லத்தரசி

1940-களிலிருந்து இன்றைய இடுக்கி மாவட்டத்து மலைகளில் குடியேறிய சிரியன் கத்தோலிக்க உழவர் குடும்பங்களில் வீடு, தோட்டம், வழிபாடு மூன்றையும் சேர்த்து நடத்திய பெண்களை இப்பெயர் குறிக்கும். இவர்கள் மீனச்சில், தொடுபுழா, மூவாற்றுப்புழா, காஞ்சிரப்பள்ளி வட்டாரங்களிலிருந்து மேற்குச் சரிவு வழியாக மலையேறி வந்தவர்கள். கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வளைவு வளைவாக ஏறும் பாதை மலைமுகட்டைத் தொடும் இடம் கம்பம்மெட்டு. உடும்பன்சோலை வட்டத்தைச் சேர்ந்த அந்த எல்லைச் சிற்றூரையும் அதைச் சுற்றியுள்ள ஏலமலைகளையும் வைத்துப் பார்த்தால் இந்த வரலாறு தெளிவாகப் புரியும்.

குடியேற்றத்தைத் தொடங்கிவைத்தது பசி. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. உணவுப்பயிர் செய்ய முன்வருவோருக்கு அரசு காட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டது. முதலில் ஆண்கள் வந்து காடு வெட்டித் தீயிட்டு மரவள்ளிக் கம்பு ஊன்றினார்கள். கிழங்கு பிடித்த பிறகு பெண்களும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். வந்த பெண் முதலில் குடியிருந்தது பெரும்பாலும் ஏறுமாடத்தில். யானைக்குப் பயந்து மரக்கிளையில் கட்டிய குடில் அது. கிழங்கைச் சீவி, அரைவேக்காடாக வேகவைத்து, பாறையில் காயப்போட்டு எடுத்துவைக்கும் 'வாட்டுகப்பை'தான் மழைக்காலச் சேமிப்பு. மலேரியாவில் படுத்தவருக்குக் கஞ்சி வைப்பதும், பன்றி கிளறிய பாத்தியை மறுபடி நிரவுவதும் அவள் வேலையே. இதற்கெல்லாம் எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை. ஆவணங்களில் இருப்பது கணவன் பெயரும் ஏக்கர் அளவும் மட்டும்.

நிலம் வாங்க அவள் கொண்டுவந்த ஸ்திரீதனமும் உதவியது. சட்டம் அதைத்தான் அவள் பங்கு என்றது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் பெற்றவளுக்கு அதுவும் இல்லை. பிறந்த வீட்டு மண்ணில் உரிமையில்லாதவள், புகுந்த வீட்டுக்காகக் காட்டு மண்ணைத் திருத்தினாள்.

மலையில் கோயில் எழுவதற்கு முன்பே வீட்டில் வழிபாடு தொடங்கிவிட்டது. பாதிரியார் பல மைல் நடந்து எப்போதாவது வருவார். அந்தி ஜெபம் நாள்தோறும் நடந்தாக வேண்டும். விளக்கேற்றி, பிள்ளைகளை முழங்காலிட வைத்து, ஜெபமாலை சொல்லவைப்பவள், வீட்டில் 'அம்மச்சி' என்று அழைக்கப்பட்ட இவள்தான். ஞாயிறு மறைக்கல்வி இல்லாத ஆண்டுகளில் மந்திரங்களை மனப்பாடம் செய்வித்ததும் அவள்தான்.

வீட்டு வழிபாட்டில் அவளுக்கிருந்த இடம் பெரிய வியாழன் இரவின் பெசகா அப்பத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். பச்சரிசி மாவும் உளுந்தும் தேங்காயும் சேர்த்து, புளிக்கவிடாமல் ஆவியில் வேகவைப்பார்கள். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையில் சிறு சிலுவை செய்து அப்பத்தின் மேல் பதிப்பார்கள். தொட்டுக்கொள்ள வெல்லமும் தேங்காய்ப்பாலும் காய்ச்சிய 'பெசகா பால்'. அப்பத்தை வெட்டிப் பகிர்வது குடும்பத் தலைவர். அதுவரையான வேலை முழுக்க அவளுடையது. அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் அப்பம் சுடமாட்டார்கள். பக்கத்து வீட்டார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தென்னை சரியாகக் காய்க்காத உயரம் என்பதால் தேங்காய் கீழிருந்து வரவேண்டியிருந்தது. சடங்கு மட்டும் மாறவில்லை.

இதே அனுபவம் உலகின் மறுகோடியிலும் உண்டு. அமெரிக்காவின் 1862-ஆம் ஆண்டு குடியேற்ற நிலச் சட்டம் 160 ஏக்கர் தருவதாகச் சொன்னது; அதை நம்பி நெப்ராஸ்கா புல்வெளிக்குப் போன செக் உழவர் பலர். அங்கே குடியேறிய குடும்பத்தில் வளர்ந்து, பண்ணையில் பிள்ளைகளை வளர்த்த அன்னா பவேல்கா என்ற செக் பெண்ணை மாதிரியாகக் கொண்டே அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதர் 1918-இல் 'மை ஆன்டொனியா' நாவலை எழுதினார். இடுக்கி அம்மச்சிக்கு அப்படி ஒரு நாவல் பரவலாக வாய்க்கவில்லை. மலையாள எழுத்தாளர் எஸ். கே. பொற்றெக்காட்டின் 'விஷகன்யகா' நாவலும் குடியேற்றக் கதைதான். ஆனால் அது மலபாரைப் பற்றியது.

1954-55-இல் திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு கல்லாறு பகுதியில் குடும்பத்துக்கு 5 ஏக்கர் வீதம் கொடுத்துக் குடியேற்றத்தை அரசுத் திட்டமாக்கியது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழர்கள் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய காலம் அது. மலையாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் நோக்கமும் இதில் இருந்தது என்ற கருத்து தமிழகத்தில் இன்றும் உண்டு. அதை மறுப்பது கடினம். 1956 மொழிவழிப் பிரிவினையில் அந்த வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. கணக்கில் ஒரு தலையாகிவிட்ட பெண்ணுக்கு அதே அரசிடமிருந்து பாதுகாப்பு கிடைக்கவில்லை. 1961-இல் இடுக்கி நீர்மின் திட்டத்துக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றி, குமுளி அருகே அமராவதியில் கொட்டும் மழையில் இறக்கிவிட்டார்கள். அங்கே கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்தார். கத்தோலிக்கப் பாதிரியாரான வடக்கனும் குடியேறியவர்கள் பக்கம் நின்றார். கம்யூனிஸ்டும் பாதிரியாரும் ஒரே அணியில் நின்றது கேரள அரசியலில் பெரிய அதிசயம்.

பிறகு மூங்கில் கொட்டகைக் கோயில்கள் கல்கோயில்களாயின. பக்கத்திலேயே பள்ளிகள் வந்தன. இடுக்கி மாவட்டம் 1972-இல் உருவானது. காஞ்சிரப்பள்ளி மறைமாவட்டம் 1977-இலும் இடுக்கி மறைமாவட்டம் 2003-இலும் அமைந்தன. அம்மச்சியின் அந்தி ஜெபத்தோடு பங்குத்தள அளவிலான தாய்மார் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. சொத்தில் மாற்றம் வந்தது 1986-இல். சிரியன் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் தொடுத்த வழக்கில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்றானது. ஆனாலும் உயில் எழுதி மகன்களுக்கே நிலத்தைக் கொடுக்கும் வழக்கம் எளிதில் போகவில்லை.

மரவள்ளியும் எலுமிச்சைப்புல்லும் போய் மிளகும் ஏலமும் நிலைத்தபோது, இந்த வீட்டுக்காரியின் நாள் இன்னொரு பெண்ணின் நாளோடு பிணைந்தது. கம்பம், கூடலூர், தேவாரம் ஊர்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் விடியுமுன் எழுந்து சோறாக்கி, தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து மெட்டு ஏறுவார்கள். செடியின் அடியில் குனிந்து, சரத்தில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிப்பது அவர்கள் வேலை. மாலை அடுப்பெரிக்க ஊர் திரும்பியாக வேண்டும். அவர்களுக்கு வீட்டுக்காரி 'சேச்சி', அதாவது அக்கா. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்ப் பெண்களுக்கு அவளோடு ஜெபமாலையும் பொதுதான். கூலி கொடுப்பவளும் வாங்குபவளும் என்ற கோடு அதனால் அழிந்துவிடவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையால் கேரள-தமிழக எல்லை மூடப்பட்டபோது மேலே காய் செடியிலேயே பழுத்தது. கீழே கூலி நின்றது.

இன்றைய தலைமுறையில் மகள்கள் செவிலியர்களாக வெளிநாடுகளில் இருக்கிறார்கள். 2001-க்கும் 2011-க்கும் இடையே மக்கள்தொகை குறைந்த கேரள மாவட்டங்கள் இரண்டே: பத்தனம்திட்டையும் இடுக்கியும். பழைய வீடுகள் பலவற்றில் மூத்தவர்கள் தனியாக இருக்கிறார்கள். மகளும் பேரப்பிள்ளைகளும் கைபேசித் திரையில் தெரிய, பெரிய வியாழன் அப்பம் இன்னும் சுடப்படுகிறது.