எண்ணும் பெயரும்

செல்பேசிக்கு முந்தைய காலத்தில், ஓர் எண் யாருடையது என்று அறியத் தொலைபேசி டைரக்டரியைப் புரட்டினால் போதும். பெயர், முகவரி, எண் மூன்றும் அதில் அச்சாகியிருக்கும். வீட்டில் நான்கு பெண்கள் பேசினாலும் இணைப்பு பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்ற ஆணின் பெயரில்தான் இருந்தது.

1995 ஜூலை 31இல் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதுவே இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு. செல்பேசிக்கென்று அப்படி ஒரு பொது டைரக்டரி வரவில்லை. எண்ணுக்குரியவர் பெயர் நிறுவனத்தின் பதிவேட்டுக்குள் போயிற்று. விசாரணைக்காகக் காவல்துறை முறைப்படி கேட்டால் மட்டுமே அது வெளியே வரவேண்டும். ஆனால் பெண்ணின் எண் வேறொரு வாசல் வழியாகக் கசிந்தது.

தொடக்கத்தில் ரீசார்ஜ் கார்டு இருந்தது. காசு கொடுத்து வாங்கி, சுரண்டி, நாமே எண்களை அழுத்திக்கொள்ளலாம். கடைக்காரருக்கு நம் எண் தெரியவேண்டியதில்லை. ஈஸி ரீசார்ஜ் வந்தபின் எண்ணை வாய்விட்டுச் சொல்லவோ, கடை நோட்டில் எழுதவோ வேண்டியதாயிற்று. பக்கத்தில் நிற்பவர் காதிலும் அது விழும். 2017இல் உத்தரப் பிரதேச ரீசார்ஜ் கடைகளில் பெண்களின் எண்கள் 50 முதல் 500 ரூபாய் வரை விற்கப்பட்டதை இந்துஸ்தான் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. பெண்ணின் தோற்றத்தை வைத்து விலை வைத்தார்கள்.

‘தெரியாத எண் என்றால் எடுக்காதே’ என்பது எளிய அறிவுரை. கம்பம், கூடலூர், போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பேறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்ணிடம் இதைச் சொல்ல முடியுமா? தெரியாத எண் நாளைய வேலையாக இருக்கலாம். மலைமேல் மாட்டிக்கொண்ட ஜீப்பிலிருந்து வேறொருவர் போனில் பேசும் மகளாகவும் இருக்கலாம். எடுக்காமலிருக்க வசதி வேண்டும். அழைப்பது யார் என்று அறிவது அவளுக்குக் கூலியோடும் பாதுகாப்போடும் சேர்ந்த தேவை.

இந்தத் தேவையில்தான் 2009இல் சுவீடனில் தொடங்கிய ட்ரூகாலர் இந்தியாவில் வேரூன்றியது. பயனர்கள் பகிர்ந்த தொடர்புப் பட்டியல்களும் அதற்கு அடித்தளம். ஆகவே யாரோ தம் போனில் நம்மை எப்படிப் பதிந்தாரோ, அதுவே ஊருக்கு நம் பெயராகிவிடக்கூடும். தொல்லை தருபவனை அடையாளம் காட்டும் அதே கருவி, தவறி அழைத்த பெண்ணின் பெயரையும் அவனுக்குக் காட்டிவிடும்.

இந்த இருமுனைக் கத்தி புதிதல்ல. அழைப்பவர் எண்ணைக் காட்டும் ‘காலர் ஐடி’ அமெரிக்காவில் அறிமுகமானபோது, குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக உழைத்தவர்கள் அதை எதிர்த்தார்கள். தப்பி வந்த மனைவி காப்பகத்திலிருந்து பேசினால் கணவனுக்கு இடம் தெரிந்துவிடும் என்றார்கள். 1990இல் பென்சில்வேனிய நீதிமன்றம் ஒன்று அச்சேவை சட்டவிரோதம் என்றே தீர்ப்பளித்தது. பின்னர் எண்ணை மறைக்கும் வசதியுடன் அது பரவியது.

சட்டம் நமக்கு ஒரு வழி தருகிறது. விருப்பமில்லை என்று தெளிவாக உணர்த்திய பிறகும் ஒரு பெண்ணைத் தொடர்புகொள்ள ஓர் ஆண் திரும்பத் திரும்ப முயல்வது 2013 முதல் குற்றம். இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. அழைப்பவன் பெயரை நாமே துப்பறிய வேண்டியதில்லை. எண்ணையும் நாள், நேரத்தையும் குறித்துப் புகார் கொடுத்தால், எண்ணுக்குரியவரைக் கண்டறிவது காவல்துறையின் கடமை.

2024 பிப்ரவரியில் டிராய், அழைப்பவரின் பெயரைத் திரையில் காட்டும் முறையைப் பரிந்துரைத்தது. இணைப்பு வாங்கும்போது படிவத்தில் தந்த பெயரே அதில் தெரியும். கணவர் பெயரில் சிம் வைத்திருப்பவள் பேசினால் கணவர் பெயர் வரும். பழைய டைரக்டரி திரைக்குள் திரும்புகிறது. தன் பெயரில் வைத்திருப்பவளின் பெயரோ அவள் அழைக்கும் அந்நியர் கண்ணிலும் படும். மறைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கேட்காமல் இதை வரவேற்க முடியாது. அதுவரை, நாம் பேசும் சிம் யார் பெயரில் இருக்கிறது என்று நம் வீட்டிலேயே ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.