வாங்கும்போது பரி, வீட்டுக்கு வந்தால் நரி

குதிரை வாங்கிய கதைகளில் நம் பாண்டிய நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது மாணிக்கவாசகர் கதைதான். அரிமர்த்தன பாண்டியன் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்கிவர அனுப்பினான். அமைச்சரோ திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பொன்னையெல்லாம் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார். கடைசியில் சோமசுந்தரக் கடவுளே குதிரை வணிகராக வந்து, நரிகளைப் பரிகளாக்கி மதுரையில் ஒப்படைத்தார். பகலில் கண்ணைப் பறித்த குதிரைகள் ராத்திரியில் நரிகளாகி ஊளையிட்டு ஓடின. பக்திக் கதைதான். ஆனால் குதிரைச் சந்தையில் அடிபட்டவர்களின் அனுபவமும் அதற்குள் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஏனென்றால் வரலாற்றில் பாண்டியர் குதிரை வாங்கிய கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான் முடிகிறது. நம்மூருக்குக் கிழக்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. 1290களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, வணிகர்களும் அவர்களை வரவிடுவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே கொடுக்கிறார். கீஷ் தீவு வணிகரோடு செய்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1,400 குதிரைகள். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவே பணம் கொடுக்க வேண்டும். வந்த குதிரைகளை நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்துவிட்டு, பழக்காமலே ஏறி ஓட்டினார்கள் என்கிறார். கொஞ்ச நாளில் நல்ல குதிரையும் சோம்பி, நலிந்து, ஒன்றுக்கும் உதவாததாகிவிடுமாம்.

வெளிநாட்டார் எழுதியதில் மிகை இருக்கலாம். ஆனால் இருவரும் சொல்லும் தீனியைப் பாருங்கள். இறைச்சி கலந்த சோறு என்கிறார் ஒருவர், நெய்யில் வெந்த தானியமும் காய்ச்சிய பாலும் என்கிறார் மற்றவர். குதிரை புல்லைத் தின்று வாழப் பிறந்தது. அதன் இரைப்பை உடம்புக்குச் சிறியது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேய வேண்டும், நடக்க வேண்டும். கட்டிப்போட்டுத் தானியத்தைக் கொட்டினால் வயிற்றுவலி வரும், குளம்புக்குள் வீங்கிக் கால் போய்விடும். இன்றைய கால்நடை மருத்துவரும் இதைத்தான் சொல்வார். பாண்டியன் வாங்கியது நல்ல ஜாதிக் குதிரைதான். ஆனால் அது வாழ ஏற்ற இடமும் கையும் இங்கே இல்லை.

பின்னால் வந்த கம்பெனிக்காரன் இதில் உஷாராக இருந்தான். படைக்குக் குதிரை வளர்க்க 1824ல் பண்ணை வைத்தபோது, கடற்கரை வெக்கையை விட்டுவிட்டு ஓசூர் மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்தான். நம் ஜட்கா வண்டிக்காரர்களும் அறிவாளிகள்தான். நான் சிறுவனாக இருந்தபோது அவர்கள் வண்டியில் பூட்டியது மட்டக் குதிரை. பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் கொள்ளும் புல்லும் தின்று, நம் வெயிலில் நாலு பேரை இழுத்துக்கொண்டு போகும்.

இந்தப் பழங்கதை இப்போது ஏன் என்றால், நம் பேரப் பிள்ளைகளுக்குக் குதிரை ஆசை வந்திருக்கிறது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் பேரனும் போனில் கேட்டான்: "தாத்தா, மார்வாரி வாங்கலாமா, ரேஸ் குதிரை வாங்கலாமா?" உங்கள் வீட்டிலும் கேட்கலாம். ஆகவே அவனிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

ரேஸ் குதிரை இங்கிலாந்தில் ஓட்டத்துக்கென்றே உருவாக்கிய இனம். பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட குதிரை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது கற்றதெல்லாம் பாய்ந்து ஓடுவதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கண்மாய்க் கரையில் போய்வர நினைக்கும் புதியவருக்கு அது ஆகாது. மார்வாரியும் கத்தியவாரும் ராஜஸ்தான், சௌராஷ்டிர வறட்டு நிலத்தில் வளர்ந்தவை. இரண்டுக்கும் காது நுனி உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். வெயில் தாங்கும். மார்வாரிகளில் பல, குலுங்காமல் நடக்கும் ரேவால் நடையோடு பிறப்பவை. முதுகுவலிக்காரருக்கும் அது சுகம். நுக்ரா என்று கல்யாண ஊர்வலத்துக்குத் தேடி வாங்குகிறார்களே, அது இனமல்ல, நிறம். வெள்ளை மயிர், இளஞ்சிவப்புத் தோல். அந்தத் தோல் நம் சித்திரை வெயிலில் வெந்துபோகும்.

இனத்தைப் பார்த்த பிறகு ஆளைப் பார்க்க வேண்டும். ஏறுபவர் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. 58 முதல் 60 அங்குல உயரம் நம் ஆட்களுக்குப் போதும். முதல் குதிரை குட்டியாக இருக்கக் கூடாது. ஏழு வயதுக்கு மேல், நன்கு பழகியதாக, காயடித்த ஆணாகவோ சாதுவான பெட்டையாகவோ இருக்கட்டும்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் எல்லா வகையும் பார்க்கலாம். அங்கே சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆனால் சந்தையில் ஆடும் குதிரையைக் கண்டு அன்றைக்கே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம். விற்பவர் லாயத்துக்கே ஒரு முறை சொல்லிவிட்டும், ஒரு முறை சொல்லாமலும் போங்கள். நாலு காலையும் தூக்கவிடுகிறதா? சேணம் போடும்போது கடிக்கிறதா? முதலில் விற்பவரே ஏறிக் காட்டட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. நாளைக்கு ஏழெட்டுக் கிலோ உலர்புல் எங்கிருந்து வரும்? ஆறேழு வாரத்துக்கு ஒரு தரம் குளம்பு வெட்டி லாடம் அடிக்க யார் வருவார்? நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தில் அதை யார் நடத்துவார்? இதற்குப் பதில் இல்லாதவர், சவாரிப் பள்ளியில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஓட்டுவதே புண்ணியம். குதிரை இருபத்தைந்து வருடம் வாழக்கூடிய ஜீவன். பாண்டியன் லாயத்தில் அதற்கு ஒரு வருடம்கூடக் கிடைக்கவில்லை.