முகம் திரும்பும் திசை

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியான திருமானூரில் இசுலாமிய அன்பர் ஒருவர் தொழுகைத் திசையை அறிய விரும்பினால், இன்று கைபேசியே போதும். செயற்கைக்கோள்களின் துணையால் அது தான் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. உள்ளிருக்கும் காந்த உணரியால் வடக்கை அறிகிறது. பின் மக்காவின் திசையைக் காட்டுகிறது. அத்திசை நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 பாகை சாய்ந்தது.

கருவி புதிது; தேடல் பழையது. பாபிலோனில் தானியேல், எருசலேமை நோக்கிய சாளரத்தருகே நாளும் மும்முறை மண்டியிட்டார் என்கிறது விவிலியம். தொடக்கத்தில் இசுலாமியரும் எருசலேமை நோக்கியே தொழுதனர். கி.பி. 624-இல் அத்திசை மக்காவின் கஅபாவுக்கு மாறியது. மதீனாவிலுள்ள 'இரு கிப்லா' பள்ளிவாசல் அம்மாற்றத்தை இன்றும் நினைவூட்டுகிறது. கிப்லா என்பது தொழுகைத் திசை. ஆதித் திருச்சபையோ கிழக்கு நோக்கிச் செபித்தது; எழும் கதிரவனில் உயிர்த்த ஆண்டவரையும் அவரது மறுவருகையையும் கண்டது. ஆலயங்கள் பலவும் அவ்வாறே அமைந்தன.

உருண்டையான உலகில் தொலைதூர நகரொன்றின் திசையைக் காண்பது எளிதன்று. 11-ஆம் நூற்றாண்டில் கஜினியில் வாழ்ந்த அல்-பிரூனி, அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு இக்கணக்கைத் தீர்த்தார். 14-ஆம் நூற்றாண்டில் தமாஸ்கு நகரின் அல்-கலீலி, பல ஊர்களுக்கும் பயன்படும் அட்டவணையையே வகுத்தார். செபிக்கும் ஆவல் வானியலையும் கணிதத்தையும் வளர்த்தது.

கணிதம் அறியாதோர் என் செய்தனர்? நம் நாட்டின் பழைய பள்ளிவாசல்கள் பல ஏறக்குறைய நேர் மேற்கு நோக்கியே எழுந்தன. தொலைவில் இருப்போர்க்குப் பொதுத்திசை போதும் என்றும், உண்மையாய் முயன்றும் பிழை நேர்ந்தால் தொழுகை கெடாது என்றும் மார்க்க அறிஞர் பலர் கொண்டனர். கைபேசியும் பிழைபடும், அருகில் இரும்போ காந்தமோ இருந்தால் முள் தடுமாறும். முயற்சியின் நேர்மையே முதன்மை.

இப்பகுதி நமக்கு அந்நியமானதன்று. திருமானூர் ஒன்றியத்து ஏலாக்குறிச்சியைத் 'திருக்காவலூர்' எனப் போற்றினார் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747). அயலார் மொழியையும் வழக்கையும் மதித்துக் கற்றவர் அவர். ஒரே கடவுளை வழிபடும் இசுலாமியரைத் திருச்சபை மதிப்புடன் நோக்குவதாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அவர்தம் செபத்தையும் அறச்செயலையும் நோன்பையும் அது எடுத்துரைத்தது.

அம்மதிப்பு ஏட்டோடு நிற்கலாமா? நம் இல்லத்திற்கு வரும் இசுலாமிய நண்பர் தொழுகை நேரத்தில் தயங்கி நின்றால், தூய பாய் ஒன்றை விரித்து, "திசை இது" என நாமே காட்டலாம். நம் முன்னோர் கிழக்கு நோக்கியதன் பொருளும் அன்று நமக்கு நினைவுக்கு வரும்.