பாலக்காட்டுக் கணவாயும் மூன்று உடன்படிக்கைகளும்

ஆங்கிலேயருக்கும் மைசூர் அரசுக்குமிடையே நிகழ்ந்த போர்கள் குறித்து விரிவான ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அப்போர்களை முடித்துவைத்த உடன்படிக்கைகள் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை இரண்டாம் உலகப் போருக்கு வித்திட்டது என்னும் கருத்து பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. அதற்கு ஒரு நூற்றாண்டிற்கும் முன்னரே அத்தன்மையதொரு நிகழ்ச்சி தமிழகமும் கேரளமும் சந்திக்கும் மலைப்பகுதியில் நடந்துள்ளது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கை இங்கு அமைதியை ஏற்படுத்தத் தவறியது ஏன் என்பதை அதன் சொற்களையும் பட்டியலையும் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் அமைந்துள்ளது பாலக்காட்டுக் கணவாய். கொங்குநாட்டையும் மலையாளக் கரையையும் இணைக்கும் இவ்வாயிலைக் காக்க ஐதர் அலி 1766இல் பாலக்காட்டில் கோட்டை எழுப்பினார். 1768இல் அதனை ஆங்கிலேயர் கைப்பற்றினர். சில மாதங்களில் ஐதர் மீட்டுக்கொண்டார். 1769இல் சென்னையில் ஏற்பட்ட உடன்படிக்கை, வென்ற இடங்களை இருதரப்பும் திருப்பித் தரவேண்டும் என்றும், ஒருவர் தாக்கப்படின் மற்றவர் உதவ வேண்டும் என்றும் கூறிற்று. பின்னர் மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது கிழக்கிந்தியக் கும்பினியார் உதவிக்கு வரவில்லை. 1780இல் மூண்ட இரண்டாம் போருக்கு இவ்வாக்குத் தவறலும் ஒரு காரணமாயிற்று.

அப்போரில் 1783 நவம்பரில் கர்னல் புல்லார்ட்டன் பாலக்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். 1784 மார்ச் 11 அன்று கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கையின்படி அது மீண்டும் திப்பு சுல்தானுக்கே உரியதாயிற்று. ஆங்கிலேயர் பக்கம் நின்ற மலையாளக்கரை அரசர்கள் அதன்பொருட்டுத் துன்புறுத்தப்படமாட்டார்கள் என அதில் ஒரு விதி உண்டு. அவ்விதியைக் காக்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. திருவிதாங்கூர் அரசரைக் கும்பினியின் நண்பராக அவ்வுடன்படிக்கை பெயர் சுட்டிக் கூறியது. ஆயினும் அவரது நாட்டின் வடவெல்லை எது என்று அது கூறவில்லை. திருவிதாங்கூரின் காப்பரணான நெடுங்கோட்டையின் ஒரு பகுதி கொச்சி அரசின் மண்ணில் அமைந்திருந்தது; கொச்சியோ மைசூருக்குத் திறை செலுத்திவந்த நாடு. 1789இல் கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை ஆகிய கோட்டைகளைத் திருவிதாங்கூர் டச்சுக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கியதும் இந்த எல்லை ஐயம் பகையாக முற்றியது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் திப்புவின் படை நெடுங்கோட்டையைத் தாக்க, மூன்றாம் போர் தொடங்கிற்று. 1790 செப்டம்பரில் பாலக்காட்டுக் கோட்டை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

பட்டியலும் நிலமும்

1792 மார்ச்சில் உறுதிசெய்யப்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கை திப்புவின் நாட்டில் பாதியைப் பறித்தது. 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. அது செலுத்தப்படும்வரை அவருடைய மைந்தர் இருவர் பிணையாகப் பிடித்துவைக்கப்பட்டனர். ஓவியர் பலரைக் கவர்ந்தது இப்பிணைக் காட்சியே. உடன்படிக்கையுடன் இணைக்கப்பட்ட வருவாய்ப் பட்டியலை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பின்வந்த பூசல்களின் வேர் அப்பட்டியலில்தான் உள்ளது.

கும்பினியின் பங்கு அதில் கண்டீரவ வராகன் கணக்கில் தரப்பட்டுள்ளது. கோழிக்கோட்டைச் சார்ந்த 63 தாலுகாக்கள் 8,48,765 வராகன், பாலக்காட்டுச்சேரி 88,000, திண்டுக்கல், பழனி-விருப்பாட்சி என்னும் இரண்டு தாலுகாக்கள் 90,000. பாராமகால், சேலம் முதலியவற்றையும் கூட்ட மொத்தம் 13,16,765 வராகன். நிஜாமுக்கும் மராத்தியருக்கும் இதற்கு இணையான பங்குகள் ஒதுக்கப்பட்டன. தொகைகள் கடைசி வராகன்வரை ஒத்துப்போகின்றன. எந்த ஆறு எல்லை, எந்த மலைமுகடு எல்லை என்பதற்கு இவ்வாறான திருத்தம் இல்லை. மைசூர்க் கணக்கர்களின் வரிப்பதிவே நாட்டுப் பிரிவினைக்கு அடிப்படையாயிற்று.

இடப்பெயர்கள் எழுதப்பட்ட முறையும் நோக்கத்தக்கது. பழனியும் விருப்பாட்சியும் ஆங்கிலப் படியில் ஒரே தொடர்ச்சொல்லாகச் சிதைந்து காணப்படுகின்றன. விருப்பாட்சி, தனக்கெனப் படையும் காவல் உரிமையும் உடைய ஒரு பாளையம். பட்டியலில் அது தாலுகா ஒன்றன் பெயரின் பிற்பாதியாகிவிட்டது. வயநாட்டின் நிலை இன்னும் விசித்திரமானது. அது கும்பினிக்கு வந்ததா இல்லையா என்பதே ஆறாண்டுகள் வழக்காக நீடித்து, 1792இல் அது தரப்படவில்லை என 1798இல் தலைமை ஆளுநரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இப்பிரிவினையால் உருவான நிலப்படத்தை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். கணவாயின் மேற்கு வாயிலான பாலக்காடு கும்பினிக்கு. கிழக்கு வாயிலான கோயம்புத்தூர் திப்புவுக்கு. திண்டுக்கல்லும் பழனியும் கும்பினிக்கு. அவற்றுக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே உடுமலை, பொள்ளாச்சிப் பகுதிகள் ஆப்பு அறைந்தாற்போலத் திப்புவிடமே இருந்தன. தெற்கே, இன்று இடுக்கி மாவட்டமாக உள்ள மலைநாடு திருவிதாங்கூரைச் சார்ந்தது. கும்பினியின் பகுதிகளுக்குள்ளேயும் ஒற்றுமையில்லை: பாலக்காடு பம்பாய் மாகாணத்தின்கீழும் திண்டுக்கல் சென்னை மாகாணத்தின்கீழும் ஆளப்பட்டன.

கவுல் என்னும் சொல்

போர்க்காலத்தில், 1790இல், தலைச்சேரியிலிருந்த கும்பினி அதிகாரிகள் சிறக்கல், கோட்டயம், கடத்தநாடு ஆகிய வடமலபார் அரசர்களுக்குக் ‘கவுல்’ வழங்கினர். திப்புவை எதிர்த்து எழுந்தால் பாதுகாப்பு உண்டு என்பது அதன் சாரம். அரபு மொழியில் ‘சொல், வாக்கு’ என்று பொருள்படும் இச்சொல் தமிழிலும் மலையாளத்திலும் இருபொருள் பெற்று வழங்கியது. அஞ்சி வந்தவனுக்கு அளிக்கும் உறுதிமொழியும் கவுல். நிலத்திற்கு எழுதித்தரும் குத்தகைச் சீட்டும் கவுல். அரசர்கள் முதற்பொருளைக் கொண்டனர். போர் முடிந்தபின் கும்பினி இரண்டாம் பொருளில் நின்றது எனலாம்.

இதற்கு உடன்படிக்கையின் அமைப்பே இடமளித்தது. மலபாரைத் தருபவர் திப்பு, பெறுபவர் கும்பினி. போரில் துணைநின்ற அரசர் ஒருவரும் அதில் தரப்பாக இல்லை. ஆகவே 1792இல் வந்த ஆணையர்கள், நாட்டின் இறைமை திப்புவிடமிருந்து கும்பினிக்குக் கைமாறிவிட்டதெனக் கொண்டு, அரசர்களுக்கு அவர்தம் நாட்டையே ஓராண்டுக் குத்தகைக்கு விட்டனர். கோட்டயத்தில் மைசூர்ப் படையை எதிர்த்து மக்களோடு நின்றவர் பழசி கேரளவர்மர். 1793இல் அந்நாட்டின் வரித்தண்டல் அவருடைய மாமனான குறும்பிரநாட்டு அரசரிடம் தரப்பட்டது. அதன் விளைவாக மூண்ட கிளர்ச்சி 1797வரை நீடித்தது. அவ்வாண்டு பெரிய கணவாயில் ஆங்கிலப் படை பேரிழப்புக்கு உள்ளானபின் கும்பினி இறங்கிவந்து சமாதானம் செய்துகொண்டது. வயநாட்டை முன்னிட்டுப் பூசல் மறுபடியும் எழுந்தது. 1805 நவம்பர் 30 அன்று பழசி வீழ்ந்த பின்னரே அது அடங்கியது.

கிழக்குச் சரிவிலும் இதே கதிதான். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் திண்டுக்கல் கூட்டணியைத் திரட்டினார். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கோயம்புத்தூரும் கும்பினிக்கு வந்துவிட்டது. 1800இல் மலபார் சென்னை மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. நிலப்படத்தின் கோணல் இவ்வாறு நிமிர்ந்த அதே ஆண்டில், ஜூன் திங்களில், கோயம்புத்தூர்ப் படைமுகாம் மீது கிளர்ச்சியாளர் தாக்குதல் தொடுக்க முயன்று தோற்றனர், பலர் தூக்கிலிடப்பட்டனர். மருதுபாண்டியர், கோபால நாயக்கர், கேரளவர்மர் ஆகியோரின் போராட்டங்களை ஒரே எழுச்சியாகக் காணும் கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட ஆய்வு இங்கு எண்ணத்தக்கது. அவர் கூறும் அளவிற்கு நெருங்கிய கூட்டமைப்பு இருந்ததா என்பது விவாதத்திற்குரியது. அப்பகுதிகளுள் மலபாரும் திண்டுக்கல்லும் 1792இல் ஒரே பட்டியலின் வழியாகக் கும்பினியிடம் வந்தவை என்பதில் விவாதமில்லை.

எஞ்சியது திருவிதாங்கூர். எந்த நாடு தாக்கப்பட்டதென்று போர் தொடங்கியதோ, அந்நாடு வெற்றியின் பங்கீட்டில் இடம்பெறவில்லை. திப்பு செலுத்திய தண்டம் மூவருக்கும் பகிரப்பட்டது. திருவிதாங்கூரிடமோ போர்ச்செலவில் ஒரு பகுதி கேட்கப்பட்டது. 1795இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் கும்பினிப் படைக்கான செலவு அந்நாட்டின்மேல் நிலையாக ஏற்றப்பட்டது. அச்சுமையைத் தாங்கச் சிக்கனம் தேடிய திவான் வேலுத்தம்பி, நாயர் படையினரின் படிகளைக் குறைக்க முற்பட்டதால் 1804இல் கலகம் வெடித்தது. கலகத்தைக் காரணங்காட்டி 1805இல் மற்றோர் உடன்படிக்கை திணிக்கப்பட, ஆண்டுத் தொகை 8 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. நிலுவை பெருகியது, ரெசிடெண்ட் மெக்காலேயின் நெருக்குதலும் பெருகியது. 1809 ஜனவரியில் குண்டறையில் விளம்பரம் வெளியிட்டு வேலுத்தம்பி போருக்கு எழுந்தார். சில மாதங்களுக்குள் மண்ணடியில் உயிர்நீத்தார். 1811இல் கும்பினியின் ரெசிடெண்டாகிய ஜான் மன்றோவே திருவிதாங்கூரின் திவானாகவும் பொறுப்பேற்றார்.